பிக்மா தெரிந்தால் டிசைனர் ஆகிவிடலாமா?

பிராடக்ட் டிசைன் கற்றுக் கொள்ள எந்த சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டும்? என்னிடம் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். முதல் மூன்று வாரங்களுக்கு எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும் என்பேன். பலருக்கு முகம் வாடிவிடும். பணம் கட்டிச் சேர்ந்தது படம் வரையவா என்று நேரடியாகவே கேட்டவர்களும் உண்டு.

பகலில் நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வார இறுதியில், இத்துறைக்குப் புதியவர்களுக்காக ஆன்லைனில் எட்டு வார வகுப்பு ஒன்றைத் தமிழில் நடத்துகிறேன். அதற்கான பாடத்திட்டத்தைத் தயாரித்ததும் நான்தான். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: சாப்ட்வேரில் தொடங்கும் டிசைன் வகுப்பு டிசைனைக் கற்றுத் தருவதில்லை.

முன்பெல்லாம் பிராடக்ட் டிசைன் என்றால் நாற்காலி, மிக்சி போன்ற பொருட்களை வடிவமைப்பது. இன்று சாப்ட்வேர் உலகில் அது மொபைல் ஆப், வெப்சைட் போன்றவற்றை வடிவமைப்பதையும் குறிக்கிறது. எந்தத் திரையில் என்ன இருக்க வேண்டும், பட்டனில் என்ன எழுத வேண்டும், தவறு நேர்ந்தால் பயனாளர் எப்படித் திரும்பி வருவார் என்றெல்லாம் தீர்மானிக்கும் வேலை அது. கலர் அடிப்பது அதில் கடைசிப் பகுதி.

கருவிகள் மாறும்

ஒரு காலத்தில் வெப்சைட் வடிவமைப்பு என்றாலே போட்டோஷாப்தான். 2010ல் மேக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் ஸ்கெட்ச் வந்தது. பிரவுசரிலேயே இயங்கும் பிக்மா 2016ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததும் நிலைமை மாறியது. அதற்குப் போட்டியாக இருந்த அடோபியின் எக்ஸ்டி நிலைக்கவில்லை. பிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2022ல் அறிவித்த அடோபி, 2023 டிசம்பரில் அந்த முயற்சியையும் கைவிட்டது. மெனுக்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பயனாளரைப் புரிந்து கொள்ளக் கற்றவருக்கு அந்தக் கவலை இல்லை.

என் வகுப்பில் முதல் வார வீட்டுப்பாடம் இதுதான்: வீட்டில் ஒருவர் மொபைலில் ஏதாவது ஒரு வேலை செய்வதை, குறுக்கே பேசாமல், பத்து நிமிடம் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். இரண்டாம் வாரம், அவருடைய சிரமத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் அதற்கான தீர்வைக் காகிதத்தில் வரைந்து, ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏன் ஐந்து? இத்துறை வல்லுநரான ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஏறக்குறைய 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனால் யாரிடமும் காட்டாமல் இருப்பதை விட ஐந்து பேரிடம் காட்டுவது எவ்வளவோ மேல்.

மாணவி ஒருவர் மின்கட்டணம் செலுத்தும் ஆப் ஒன்றைக் காகிதத்தில் வரைந்திருந்தார். இணைப்பு எண்ணை எழுத ஒரே நீளமான கட்டம். அவருடைய தந்தை அட்டையைப் பார்த்து எண்ணை எழுதிக் கொண்டே வந்தவர், நடுவில் எந்த இலக்கத்தில் நின்றோம் என்று தெரியாமல் மூன்று முறை திரும்ப ஆரம்பித்தார். கட்டத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்ததும் சிக்கல் தீர்ந்தது. 'சமர்ப்பி' என்ற பட்டனின் மேல் விரல் வைக்கத் தயங்கியவர், அதையே 'பணம் கட்டு' என்று மாற்றியதும் தயங்கவில்லை. இந்த இரண்டு பாடங்களுக்கும் அந்த மாணவிக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. நான்கு ஆண்டு இன்ஜினியரிங் படிப்பில், நான் எழுதிய புரோகிராமை இன்னொருவர் பயன்படுத்துவதைப் பார்த்து வா என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

வீடியோ மட்டும் போதாது

ஆன்லைன் படிப்பில் இன்னொரு சிக்கல், பாதியில் நின்றுவிடுவது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இலவசப் பாடங்களை ஆராய்ந்த கட்டுரை 2019ல் வெளியானது. 2017-18ல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் படிப்பை முடித்தார்களாம். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகங்களுக்கே இந்த நிலை என்றால், வீடியோக்களை அடுக்கி வைத்துவிட்டு மாணவர் தானாகக் கற்றுக் கொள்வார் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

டிசைனில் சரி, தவறு என்று கம்ப்யூட்டர் மதிப்பெண் போட முடியாது. மனிதர் ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அப்போது ஸ்டான்போர்டு பேராசிரியராக இருந்த ஸ்காட் கிளெம்மர் 2012ல் கோர்ஸெரா தளத்தில் நடத்திய பாடத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். மாணவர்களே ஒருவர் வேலையை ஒருவர் மதிப்பிட்டனர். ஆனால் அதற்கு முன், ஆசிரியர்கள் ஏற்கெனவே மதிப்பிட்ட மாதிரிகளை வைத்து அவர்கள் பழகிக் கொள்ள வேண்டும். இந்த முறையைச் சிறிய அளவில் நானும் பின்பற்றுகிறேன். "நன்றாக இருக்கிறது" என்று எழுதக் கூடாது. எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று எழுத வேண்டும் என்பது விதி. ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் வேலையையும் நான் பார்க்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. வேலை விளம்பரங்களில் பிக்மா தெரிந்திருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறார்கள்? உண்மைதான். அதனால்தான் நான்காம் வாரத்திலிருந்து அதையும் சொல்லித் தருகிறேன். காகிதத்தில் தெளிவாக வரைந்து வைத்திருப்பவர் அதை இரண்டு வாரங்களில் பழகிவிடுகிறார். ஆனால் நேர்முகத் தேர்வில், இந்தப் பட்டனை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், பிக்மா பதில் சொல்லாது. எல்லோரும் ஒரே உணவு டெலிவரி ஆப்பை வரைந்து எடுத்துச் சென்றால், யாரை எதற்காகத் தேர்ந்தெடுப்பார்கள்?

தவணையில் பணம் கட்டியும் கடன் வாங்கியும் இந்த வகுப்புகளில் சேருபவர்களை நான் பார்க்கிறேன். அவர்களுடைய குடும்பம் ஒரு வேலையை நம்பிக் காத்திருக்கிறது. எனவே, எந்த வகுப்பில் சேருவதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் போவது யார்? ஒரு குழுவில் எத்தனை பேர்? நான் வடிவமைப்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்க வைப்பீர்களா? பதிலுக்குச் சான்றிதழின் மாதிரியை மட்டும் காட்டினால், பணத்தைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த மூன்று வாரப் பயிற்சியை இன்றே, ஒரு நோட்டு வாங்கி, உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம்.