ஓய்வுநாள் யாருக்கு உரியது?



வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கவோ, வைத்திய சிகிச்சைக்காகவோ சிங்கப்பூர் செல்லும் நம்மவர்களுள் சிலர், ஓர்ச்சர்ட் வீதியின் நட்சத்திர விடுதியொன்றில் ஓரிரு இரவுகள் தங்கித் திரும்புவதுண்டு. உங்களுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டியிருக்கலாம், இனியும் கிட்டலாம். அங்கு கழியும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிக நீளமுடைய அவ்வீதி, 19ஆம் நூற்றாண்டில் சாதிக்காய்த் தோட்டங்களும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த பாதையாக இருந்தது. அதன் பெயரும் தோட்டத்தையே குறிக்கின்றது. மரங்கள் நின்ற இடங்களில் இன்று வணிக மாளிகைகளும், உலகெங்கும் கிளைபரப்பிய விடுதிக் குழுமங்களின் கட்டடங்களும் உயர்ந்து நிற்கின்றன. 2022ஆம் ஆண்டிலிருந்து ஹில்டன் பெயரில் இயங்கும் விடுதியில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் உள்ளன. அத்தகைய விடுதியில் காலையில் நாம் கலைத்துவிட்டுச் சென்ற கட்டில், மாலையில் ஒரு சுருக்கமுமின்றி விரிக்கப்பட்டிருக்கும். ஈரத் துவாய்கள் மறைந்து புதியவை வந்திருக்கும். செய்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் நம் கண்ணிற் படாதிருப்பதே அவ்விடுதியின் சிறப்பாகக் கருதப்படுகின்றது.

இச்சுகம் பாவமென்று கூற நான் முற்படவில்லை. நல்ல சமாரியரும் காயமுற்றவரைச் சாவடியிலேயே சேர்த்தார். சாவடிக்காரருக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தே பராமரிக்கச் சொன்னார். களைத்தவர் இளைப்பாற இடம் தேடுவதும், அதற்குரிய பணத்தைச் செலுத்துவதும் முறையானவையே. ஆனால் நாம் ஓய்வைப் பணம் கொடுத்து வாங்கும் அதே வீதியில், ஓய்வைப் பற்றிய வேறொரு கதையும் இருக்கின்றது.

ஞாயிறு காலை விடுதியை விட்டு இறங்கி நடந்தால், 1978இல் திறக்கப்பட்ட லக்கி பிளாசா என்னும் கட்டடத்தைச் சுற்றிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள். பெரும்பாலானோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். நம்மைப் போன்றே கத்தோலிக்கர். வீட்டுப் பணிப்பெண்களான அவர்கள், ஊருக்குப் பணம் அனுப்பி, பொதி கட்டி, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்துண்டு தம் ஒருநாள் விடுமுறையைக் கழிக்கின்றனர்.

சிங்கப்பூரில் வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டுமென்ற சட்டம் 2013 ஜனவரி முதலே நடைமுறைக்கு வந்தது. அப்போதும், பணியாளர் இணங்கினால், அந்நாளுக்கு மேலதிகக் கூலி கொடுத்து வேலை வாங்க இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்ய முடியாதென்ற விதி 2023 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை, நம் ஓய்வைப் போலவே அவர்களுடைய ஓய்வுக்கும் ஒரு விலை இருந்தது. வாங்கியவர்கள் நாம், விற்றவர்கள் அவர்கள்.

2019 டிசம்பர் 29, ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்பத் திருவிழாவைக் கொண்டாடிய நாள். லக்கி பிளாசாவின் அருகே, சாதிக்காயின் பெயரைத் தாங்கிய நட்மெக் வீதியில், கட்டுப்பாட்டை இழந்த காரொன்று தடுப்பை உடைத்துக் கீழே விழுந்தது. அங்கு கூடியிருந்த ஆறு பிலிப்பைன்ஸ் பெண்கள் மீது அது மோத, இருவர் இறந்தனர். குடும்பத்துக்காகக் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள் தங்கள் ஓய்வுநாளில் உயிர்நீத்தார்கள். வேறோர் இடமின்றி வீதியோரத்தை அவர்கள் நாடியதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

ஓய்வுநாளைத் தூயதாய் அனுசரிக்கும் மூன்றாம் கட்டளையை, ஞாயிறு திருப்பலி காணும் கடமையாகவே ஞானோபதேச வகுப்பில் நாம் மனனம் செய்தோம். ஆனால் இணைச்சட்ட நூலின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வீட்டாரோடு அடிமையும் பணிப்பெண்ணும், வாயிலுக்குள் வாழும் அந்நியரும், ஏன், மாடும் கழுதையுங்கூட, அங்கு பெயர் சொல்லி எண்ணப்படுகின்றனர். எகிப்தில் நீங்களும் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். ஆகவே ஓய்வு, இறைவன் பணிபுரிவோருக்கு அளித்த கொடை. அதை விலைபேச நமக்கு உரிமையில்லை.

இனி, நம் இல்லங்களைப் பார்ப்போம். மத்திய கிழக்கிலும் சிங்கப்பூரிலும் நம் சகோதரிகள் பலர் பணிபுரிகின்றனர். அவர்களுடைய எஜமானர்கள் இரக்கமுள்ளவர்களாயிருக்க வேண்டுமென மன்றாடுகின்றோம். மலையகத்திலிருந்து வந்து நம் சமையலறையில் நிற்கும் அக்காவுக்காக அவருடைய தாயும் அவ்வாறே மன்றாடுகின்றாரல்லவா? திருப்பலி முடிந்து நாம் வீடு திரும்பும்போது விருந்து ஆயத்தமாயிருக்கின்றது. அதைச் சமைத்தவர் எந்தத் திருப்பலிக்குச் சென்றார்? எத்தனை மணிக்கு அமர்ந்து உண்டார்? வீட்டுப் பணியாளருக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணிநேர ஓய்வு வேண்டுமென, 2011இல் நிறைவேறிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 189ஆம் சமவாயம் கூறுகின்றது. சினாய் மலை அடிவாரத்தில் நாம் கேட்டிருக்க வேண்டியதை, ஜெனீவாவிலிருந்து கேட்க நேர்ந்தது.

அடுத்தமுறை விடுதியில் தங்கும்போது, அறையைத் துப்புரவாக்க வருபவரின் சட்டையிலுள்ள பெயரை வாசித்து, அப்பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். ஞாயிறன்று துப்புரவு தேவையில்லையென்ற அட்டையைக் கதவில் தொங்கவிடுங்கள். அதனால் அவருக்கு விடுமுறை கிடைத்துவிடாது. ஓர் அறையின் சுமையாவது குறையும். ஓஃபிர் வீதியில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. அங்கே விடுதியில் தங்குபவரும் வீட்டில் பணிபுரிபவரும் ஒரே வாங்கில் முழந்தாளிடுகின்றனர்.

ஊர் திரும்பியதும், உங்கள் வீட்டில் உழைப்பவருக்குச் சம்பளம் குறைக்காமல், பஸ் கட்டணமும் கொடுத்து, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அளியுங்கள். அன்று கோப்பைகளை நாமே கழுவுவோம். அந்த ஞாயிறு நமக்கும் மெய்யான ஓய்வுநாளாகும்.