ரவுடி ஏரியாவா? யூனியன் ஏரியா!



புளியந்தோப்பு, பட்டாளம், பெரம்பூர் என்று சொன்னதும் மற்ற ஏரியா பசங்க கேட்கும் முதல் கேள்வி, "அங்க ரவுடிங்க இருப்பாங்களே, பயமா இல்லையா?" சினிமாக்காரர்களும் வடசென்னை ஆள் என்றால் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டே "ஆமாம்டா, கெத்து ஏரியா" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம்ம ஏரியாவுக்கு வேறு கெத்து இருக்கிறது.

1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாள். முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவுக்கே இதுதான் முதல் என்பார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் எத்தனையோ மில் இருந்தும், அது தொடங்கியது இங்கேதான், பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களால்! மில்லில் சாப்பாட்டு இடைவேளை அரைமணி நேரம்தான். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். (நம்ம லஞ்ச் பெல்லே அதைவிட நீளம்!) இந்தக் குறையைக் காதில் வாங்கியவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வியாபாரிகள். அவர்கள் போய் பி.பி.வாடியாவை அழைத்து வந்தார்கள். வாடியா பம்பாய் பார்சி. அடையாறில் அன்னி பெசன்ட் அம்மையாரோடு வேலை செய்தவர். தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, தமிழில் மாற்றிச் சொன்னார்கள். திரு.வி.க.வும் சேர்ந்தார். அவர் அதற்கு முந்தைய வருடம்வரை வெஸ்லி பள்ளியில் தமிழ் ஆசிரியர். தமிழ் ஐயா ஒருவர் மில் கேட்டுக்கு வந்து நின்றார் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஐகோர்ட்டுக்குப் போய் 1920ல் வாடியாவுக்கு எதிராகத் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தினால் கோர்ட்டில் இழுக்கலாம் என்றால் யார் சங்கம் நடத்துவார்கள்? அதனால்தான் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நம்ம தெருக்காரர்கள் பட்ட கஷ்டத்துக்கு அந்தச் சட்டத்தில் பங்கு உண்டு.

இதுவரைக்கும் சொல்லிவிட்டுக் கைதட்டி முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படி முடிக்க மாட்டேன். 1921ல் மாதக்கணக்கில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் அவர்களைக் கருங்காலி என்று திட்டினார்கள். சண்டை மில்லை விட்டுச் சேரிக்குள் வந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். எம்.சி.ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது.

கம்பெனியும் சர்க்காரும் பிரித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பிரிக்கிறதுக்கு ஏற்கெனவே ஒரு கோடு இருந்ததே! கூலி இல்லாமல் நாலு மாசம் தாக்குப்பிடிக்க எல்லோராலும் முடியுமா? தெருவில் தள்ளி வைத்தவனை மில் வாசலில் மட்டும் "தோழா" என்று கூப்பிட்டால் வருவானா? சங்கம் தோற்றதுக்கு அந்தக் கோடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் "பழைய சண்டையை ஏன்டா கிளறுற?" என்று ஒரு நண்பன் கேட்டான். அதே நண்பன் போன வாரம், "அந்தக் குடிசைப் பக்கத்துப் பசங்களை டீமில் சேர்க்காதே" என்றான். அப்போ இது பழசா?

மில் 1996ல் மூடப்பட்டது. பிறகு அங்கே சினிமா ஷூட்டிங் நடந்தது. இப்போது அந்த இடத்தில் வானம் முட்டும் அடுக்குமாடிகள். கொஞ்ச நாளில், இங்கே மில் இருந்தது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஆகவே, உங்கள் தாத்தா, பெரியப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது பின்னியில் வேலை பார்த்திருந்தால், அவர்கள் சொல்வதை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். குடிசைப் பக்கத்து வீடுகளிலும் கட்டாயம் கேளுங்கள். வரலாறு சாரிடம் பேசிவிட்டேன், நூலகத்தில் ஒரு பலகை தருவதாகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவும்.

- பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு