பாதியில் நின்ற வர்ணம்

பதினாறு வயதில் நான் வயலினை நிறுத்தினேன், பைரவி அட தாள வர்ணத்தின் நடுவில். ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு என்று பதினான்கு எண்ணிக்கை கொண்ட தாளம் அது. கணக்கில் ஆசையுள்ள எனக்கு அந்தத் தாளம் பிடித்தேயிருந்தது. ஆனால் பதினோராம் வகுப்பு வந்துவிட்டது, பௌதிகம் வந்துவிட்டது. "முதல்ல படிப்பைப் பார், மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்" என்றார் அப்பா. அந்தப் 'பிறகு' வர எனக்குப் பதினெட்டு வருடங்கள் ஆயின.

ஸ்காபரோவில் வளர்ந்த உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் அது மிருதங்கமாகவோ பரதமாகவோ இருக்கலாம்.

போன வருடம், வேலைக்குப் போகும் ரயிலில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வாசிக்கத் தொடங்கினேன். கில்ட்வுட்டில் ஏறி யூனியனில் இறங்குவதற்குள் மூன்று பக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டியவனுக்கு அதுவே நல்ல வேகம். 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்த புத்தகம் என்பதால் அதன் தமிழ் நம்மைப் பயமுறுத்தாது. ஓலைச்சுவடிகளில் கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்ற அளவில்தான் அவரை எனக்குத் தெரியும். அவரும் ஏறக்குறைய அதே வயதில் இசை வகுப்பை விட்டவர் என்பது தெரியாது.

1871இல் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்கிறார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அப்போது அங்கே இருக்கிறார். அவரிடம் இசையும் கற்கிறார். தகப்பனார் சங்கீதக்காரர், மகன் பாட்டை விட்டுவிடக்கூடாது என்பது அவருடைய ஆசை. விஷயம் பிள்ளையின் காதுக்குப் போகிறது. இசையில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி ஓடாது என்கிறார். வகுப்பு நின்றுவிடுகிறது. நம் வீடுகளுக்கு நேர்மாறு, பாருங்கள்: அப்பா பாடச் சொல்கிறார், வாத்தியார் படிக்கச் சொல்கிறார்.

அதே மாணவர்தான் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அதில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி உண்டு. யாழாசிரியனும் குழலாசிரியனும் தண்ணுமை ஆசிரியனும் எப்படிப்பட்டவர்களாக இருக்கவேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும். ஒரு காலத்தில் பாட்டுப் பழகிய காது அந்தப் பக்கங்களில் சும்மா இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னால் முடியாது.

இதை வைத்து, சங்கீதம் படித்தால் வேறெதற்கோ உதவும் என்று சொல்ல வரவில்லை. "வயலின் பழகினால் கணக்கு நல்லா வரும்" என்று சில பெற்றோர் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கணக்கு வரவேண்டுமென்றால் கணக்குச் செய்யலாமே! பைரவி எதற்கும் உரமில்லை. அது பைரவி, அவ்வளவுதான். நான் பொறியியலில் முதுகலை முடித்தேன், ஐ.டி. ஆலோசகராக வேலை செய்கிறேன். நாளுக்கு இருபது நிமிடம் வாசித்திருந்தால் இதில் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. அந்த இருபது நிமிடம் எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும். வீடியோ கேமில்.

நெடுங்காலம் இதற்கு அப்பாவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மார்கழியில் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. "சோதனை முடியும் வரைக்கும் எண்டுதானே சொன்னனான்? முடிஞ்ச பிறகு டீச்சர் ரெண்டுதரம் போன் எடுத்தவ. நீதான் பிறகு பிறகு எண்டு சொன்னனீ" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

ஒன்பது வருடம் ஒவ்வொரு சனியும் பனியில் வண்டியோட்டி, டீச்சர் வீட்டு பேஸ்மென்ட் படியில் தமிழ்ப் பேப்பரோடு காத்திருந்த மனிதர் அவர். என் வகுப்பு நின்றபோது அந்தப் படியும் அவருக்கு இல்லாமல் போனது. அது இவ்வளவு காலமும் எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போது வயலினுக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறேன். விரல் நுனி எரிகிறது, சுருதி சேர்க்கவே பத்து நிமிடம் போகிறது. போன ஞாயிறு அதே வர்ணத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தேன். சங்கீதம் ஒருநாளும் படித்திராத அப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார்:

"ஓடுறாய், தம்பி. தாளத்தைப் பிடி."