முத்திரை இல்லாத கேஜ்

எங்கள் கடைகளில் தராசு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அதைச் சரிபார்த்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்து அதிகாரி வரும்போது முத்திரை பழையதாக இருந்தால் வழக்குத்தான். ஒரு கிலோ சீனியில் இருபது கிராம் குறைந்தால் வாடிக்கையாளரே சண்டைக்கு வந்துவிடுவார். அளவை நிறுவையில் மோசம் செய்யக் கூடாது என்பதை எமது வியாபாரிகளுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கொதிகலனின் அமுக்கத்தைக் காட்டும் கேஜ் மட்டும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி விற்கப்படுகிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் பார்ப்பதில்லை. அதுவும் ஓர் அளவைக் கருவிதான் என்பது இருவருக்கும் மறந்துபோகிறது. இந்த நிலை மாற வேண்டும். அரசாங்கம் ஆரம்பிக்கும் வரை காத்திராமல் வியாபாரிகளாகிய நாமே அதை ஆரம்பிக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தப் பொருட்கள் புதியவை அல்ல. அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை, ஐஸ் தொழிற்சாலை, லோன்றி, டயர் ரீபில்டிங் என்று நீராவி, காற்று, வாயு பாவிக்கும் எந்த இடத்திலும் அமுக்கமானியும் வெப்பமானியும் இல்லாமல் வேலை நடக்காது. கடைக்கு வருபவர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "நானா, ஆகக் குறைஞ்ச விலையில ஒரு கேஜ் தாங்க." எந்த மெஷினுக்கு, எத்தனை பார், நீராவியா எண்ணெயா என்று நாம் திருப்பிக் கேட்டால் சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். நட்டும் போல்டும் வாங்குவதைப் போல இதையும் வாங்கப் பழகிவிட்டார்கள். அப்படிப் பழக்கிவிட்டவர்கள் நாம்தான்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அதை நட்டும் போல்டுமாக நினைக்க முடியாது. 1849ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த யூஜின் போர்டன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். தட்டையாக்கிய ஒரு மெல்லிய குழாயை முக்கால் வட்டமாக வளைத்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாக அமுக்கத்தைக் கொடுத்தால் குழாய் சற்று நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி ஊசியைத் திருப்புகிறது. 1852இல் அமெரிக்காவில் அஷ்குரோப்ட் இதன் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். 1946இல் ஜேர்மனியின் கிளிங்கன்பேர்க் என்ற சிறிய ஊரில் இருவர் சேர்ந்து ஆரம்பித்த விகா நிறுவனம் இன்று உலகமெங்கும் விற்கிறது. இத்தனை காலம் கழிந்தும், இலத்திரனியல் கருவிகள் வந்த பின்னரும், ஊசி வைத்த அமுக்கமானிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதே போர்டன் குழாய்தான்.

அது ஒரு வில்லைப் போன்றது. நாள் முழுக்க நிமிர்ந்து சுருங்கிக்கொண்டே இருந்தால் களைத்துப்போகும். பம்பின் அதிர்வில் பற்சக்கரம் தேயும். வரம்புக்கு மேல் ஒரு தடவை அமுக்கம் ஏறினாலே குழாய் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். கண்ணாடி உடையவில்லை, ஊசியும் அசைகிறது, ஆனால் காட்டும் இலக்கம் பொய். தராசு பழுதாவது போலத்தான் இதுவும் பழுதாகிறது. வித்தியாசம் என்னவென்றால், தராசை வருடாவருடம் பார்க்க ஆள் வருகிறது.

பொய் சொல்லும் கருவியால் வரும் முதலாவது ஆபத்து பிழையான இலக்கம். இரண்டாவது ஆபத்து அதைவிடப் பெரியது. அடிக்கடி பொய் சொன்ன கருவி ஒரு நாள் உண்மை சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்கள். இதற்கு இந்தியாவின் போபால் நகரத்தைவிடக் கசப்பான உதாரணம் இல்லை. 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு யூனியன் கார்பைட் தொழிற்சாலையின் 610ஆம் இலக்கத் தாங்கியில் அமுக்கம் 2 பி.எஸ்.ஐ. ஆக இருந்தது. 11 மணியளவில் அது 10 ஆகியிருந்தது. குறுகிய நேரத்தில் ஐந்து மடங்கு. ஆனால் 25 வரை வழமையான அளவுதான் என்று எண்ணப்பட்டது. அங்குள்ள மானிகள் சரியாக வேலை செய்யாமல் இருப்பது வழக்கம் என்பதால் எவரும் பதற்றப்படவில்லை. செலவு குறைப்பதற்காகக் குளிரூட்டும் இயந்திரத்தை அவ்வருடம் ஜூன் மாதமே நிறுத்தியிருந்தார்கள். அதனால் வெப்பநிலை கூடினால் எச்சரிக்கும் மணிக்கும் வேலை இல்லாமல் போயிருந்தது. நள்ளிரவு தாண்டியபோது ஊசி மானியின் எல்லையையே கடந்துவிட்டது. வெளியேறிய நச்சு வாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அந்த அழிவுக்குக் காரணங்கள் பல. ஆயினும் அமுக்கமானி அன்று பேசியது, கேட்க ஆள் இருக்கவில்லை என்பதும் அவற்றில் ஒன்று.

எங்கள் வாடிக்கையாளரின் தொழிற்சாலை அவ்வளவு பெரியதல்ல. ஆனால் கணக்கு ஒன்றுதான். ஈ.என். 837 என்ற ஐரோப்பிய நியமப்படி கேஜின் முகத்தில் கிளாஸ் 1, 1.6, 2.5 என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். 2.5 என்றால் நூற்றுக்கு இரண்டரை பிழை வரலாம் என்று அர்த்தம். எதில் நூற்றுக்கு? காட்டும் அளவில் அல்ல, கேஜின் முழு அளவில். 8 பார் அமுக்கத்தில் ஓடும் கொதிகலனுக்கு 40 பார் வரை காட்டும் 2.5 கிளாஸ் கேஜைப் பூட்டினால், 1 பார் வரை பிழை அனுமதிக்கப்பட்டதே. 8க்கு 1 என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அதே இடத்தில் 16 பார் வரை காட்டும் 1.6 கிளாஸ் கேஜைப் பூட்டினால் பிழை கால் பாரைச் சுற்றித்தான் இருக்கும். "பெரிய கேஜ் என்றால் பாதுகாப்பு" என்று எண்ணி வாங்குபவருக்கு இதை இரண்டு நிமிடத்தில் விளக்கலாம். வேலை செய்யும் அமுக்கம் முழு அளவின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். முக்கால்வாசியைத் தாண்டக் கூடாது.

எதற்குப் பூட்டப் போகிறார் என்று கேட்பதும் விலையைச் சொல்வதற்கு முந்திய கடமை. ஐஸ் தொழிற்சாலையின் அமோனியா பித்தளையைத் தின்றுவிடும். அங்கே ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கேஜ்தான் கொடுக்க வேண்டும். ஒட்சிசன் லைனுக்கு எண்ணெய் படாத, அதற்கென்றே செய்த கேஜ் வேண்டும். உயர் அமுக்க ஒட்சிசனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பற்றும். நீராவி லைனில் கேஜுக்கு முன்னால் வளைந்த சைபன் குழாய் இருக்க வேண்டும். அதில் தேங்கும் தண்ணீர்தான் கொதிக்கும் ஆவி கேஜுக்குள் நேரடியாகப் போகாமல் தடுக்கிறது.

வெப்பநிலை விடயத்திலும் இப்படித்தான். இரண்டு உலோகக் கம்பிகளைச் சேர்த்துச் சூடாக்கினால் மின் பிறக்கிறது என்பதை 1821இல் சீபெக் என்ற ஜேர்மனிய விஞ்ஞானி கண்டார். அதுதான் இன்றைய தெர்மோகப்பிள். அதற்குப் பூட்டும் கேபிளில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. கே வகைக் கேபிளில் சர்வதேச நியமப்படி பச்சை நேர், வெள்ளை மறை. அமெரிக்க முறையில் மஞ்சள் நேர், சிவப்பு மறை. சிவப்பு என்றாலே நேர் என்று எண்ணி மாற்றிப் பூட்டினால், வெப்பம் கூடக்கூட மீற்றரில் இலக்கம் குறைந்துகொண்டு போகும். பி.டி. 100 என்று நாம் விற்கும் பிளாட்டினம் உணரியோ 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம் தடை காட்ட வேண்டும். சாதாரண மல்டிமீற்றர் வைத்தே கடையில் ஓரளவு பார்த்துக் கொடுக்கலாம்.

சில பாகைதானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. டின் உணவுத் தொழிலில் 121 பாகை செல்சியஸ் என்பது பேர்பெற்ற இலக்கம். 10 பாகை குறைந்தால் கிருமி வித்துக்கள் அழியும் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும் என்பது அத்தொழிலில் எல்லோரும் பாவிக்கும் கணக்கு. அதன்படி வெப்பமானி 4 பாகை கூட்டிக் காட்டினாலே வேகம் நூற்றுக்கு 40 ஆகிவிடுகிறது. 15 நிமிடம் அவித்தோம் என்று புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். உண்மையில் 6 நிமிடத்தின் பலன்தான் கிடைத்திருக்கும்.

சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். என் கடையில் சரிபார்த்த ஒரு நியம கேஜும் சிறிய கைப்பம்பும் வைத்திருக்கிறேன். வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்தை எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு தடவை வெளிநாட்டு விநியோகஸ்தர் ஒருவர் அனுப்பிய பெட்டியில் 6 பார் கொடுத்தபோது ஒன்று 5.4 காட்டியது, இன்னொன்று 6.7 காட்டியது. ஒவ்வொன்றுக்கும் அழகான சான்றிதழ் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே இலக்கங்கள், ஒரே திகதி. கேஜின் தொடர் இலக்கம் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமை. போட்டோகொப்பி மெஷின் அளவு பார்த்திருக்கிறது! பணத்தைத் திருப்பி எடுக்க மாதக்கணக்கில் இழுபட வேண்டியிருந்தது.

உண்மையான சான்றிதழ் ஒரு சங்கிலி. இந்தக் கேஜை எந்த நியம கேஜோடு ஒப்பிட்டார்கள், அந்த நியம கேஜை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் அது ஒரு தேசிய நியமத்தில் போய் நிற்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரத்தைப் பெற்ற ஆய்வுகூடங்கள் அந்தச் சங்கிலியைக் காட்ட வேண்டியவை. எமது நாட்டிலேயே கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் அளவுத்திருத்தம் செய்து கொடுக்கிறார்கள். சான்றிதழில் தொடர் இலக்கம், திகதி, ஒப்பிட்ட நியமம், ஒவ்வொரு புள்ளியிலும் கண்ட பிழை ஆகிய நான்கும் இல்லையென்றால் அது வெறும் தாள்.

"பக்கத்துக் கடைக்காரன் பாதி விலைக்கு விற்கும்போது நாங்கள் எப்படிப் பிழைப்பது?" என்று சகோதர வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாக் கேஜுக்கும் சான்றிதழ் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் கடைக்காரரின் காற்றுப் பம்புக்கு மலிவான கேஜே போதும். சீனச் சாமான் கூடாது, ஜேர்மன் சாமான் நல்லது என்று ஒரே கோட்டில் பிரிப்பதும் சரியல்ல. சீனாவிலும் தரமாகச் செய்கிறார்கள், ஜேர்மன் பெயரைப் போட்ட போலியும் சந்தையில் இருக்கிறது. கேட்க வேண்டியது நாட்டை அல்ல, சோதனையை. ஆனால் உயிரும் உணவும் சம்பந்தப்பட்ட இடத்துக்குப் போகும் கேஜ் வேறு சாமான். அதை வேறு தட்டில் வைத்து, வேறு விலை சொல்லி, காரணத்தையும் சொல்லி விற்க வேண்டும்.

இதில் இலாபமும் இருக்கிறது. கேஜை ஒரு தடவை விற்றால் வாடிக்கையாளர் மறந்துவிடுவார். விற்ற திகதியையும் தொடர் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, வருடம் முடியும்போது "கேஜைக் கழற்றி அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறோம்" என்று ஒரு கோல் எடுத்தால் அவர் வருடாவருடம் உங்களுடையவர். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் சேவைக்குக் கூலி எடுக்கலாம். பக்கத்துக் கடை பாதி விலைக்கு விற்கலாம், இந்தச் சேவையைப் பாதி விலைக்குச் செய்ய முடியாது.

தொழிற்சாலை வைத்திருப்போரும் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். நிறைவுற்ற நீராவியில் அமுக்கமும் வெப்பநிலையும் ஒன்றையொன்று பிரியாதவை. கேஜ் 5 பார் காட்டினால் வெப்பமானி ஏறத்தாழ 159 பாகை காட்ட வேண்டும். 7 என்றால் 170. 10 என்றால் 184. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு கருவி பொய் சொல்கிறது, அல்லது ஆவியோடு காற்றுக் கலந்திருக்கிறது. எதுவானாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டிய விடயம்.

எனவே ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நியம கேஜையும் ஒரு கைப்பம்பையும் வாங்கி, நியம கேஜை வருடம் ஒரு தடவை ஆய்வுகூடத்தில் சரிபார்த்து, கல்லாவுக்குப் பக்கத்தில் தராசோடு சேர்த்து வையுங்கள். கொதிகலனுக்கென்று கேட்டு வருபவரின் கண்முன்னே அவர் வாங்கும் கேஜைப் பூட்டிக் காட்டுங்கள். பிழையாகக் காட்டினால் அது விற்பனைக்குரியதல்ல என்று ஒதுக்கி வையுங்கள். இதற்குச் சட்டம் வரவேண்டிய அவசியமில்லை.