முதலிடம் சுவருக்கே

நிலநடுக்கத் தற்காப்பு என்றவுடன், மணியடித்துப் பிள்ளைகளை மேசையடியில் குனியச் செய்யும் பள்ளி ஒத்திகையே பலருக்கும் நினைவில் எழுகின்றது. ஒத்திகை வேண்டியதே. ஆயினும், அரசின் திட்டங்களில் அதற்கே முதலிடம் அளிப்பது பொருந்தாது என்பது எமது கருத்து.

1993 செப்டம்பர் 30ஆம் நாள், மராட்டிய மாநிலத்து லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிலநடுக்கம் அழித்தபோது, விடியற்காலை மணி நான்குகூட ஆகவில்லை. 1991 அக்டோபர் 20இல் உத்தரகாசியிலும் அவ்வாறே. நேரம் நள்ளிரவு கடந்து மூன்று மணியளவு. உறங்குபவர்க்கு ஒத்திகை என்ன செய்யும்?

கில்லாரி அதிர்ச்சியின் அளவு 6.2 மட்டுமே. எனினும் 7,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வட்டாரம் அந்நாளைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. கொன்றது சுவர். உள்முகம், வெளிமுகம் என இரு அடுக்காகக் கல்லை மண்சாந்தில் அடுக்கி, நடுவே கல் துண்டுகளை இட்டு நிரப்பியிருந்தனர். இரு முகங்களையும் பிணைப்பது ஒன்றுமில்லை. நிலம் அசைந்ததும் அவை தனித்தனியே பிதுங்கிச் சரிய, கனத்த மண்கூரை உறங்கியோர்மீது வீழ்ந்தது.

இதற்குரிய மாற்று எளியது. சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவும் நீண்ட கற்களை, உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசையாக, பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளிக்கு மிகாமல் வைக்கவேண்டும். கதவு, சன்னல்களின் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி அறுபடாத கான்கிரீட் பட்டை ஒன்றும் ஓடவேண்டும். இவற்றைக் கூறும் இந்தியத் தர விதி அதே 1993ஆம் ஆண்டில் வெளிவந்ததுதான். லாத்தூருக்குப்பின் மராட்டிய அரசு, பழுதுற்ற பழைய வீடுகளிலும் சுவரைத் துளைத்து, கம்பியும் கான்கிரீட்டும் இட்டு இரு முகங்களையும் பிணைக்கச் செய்தது.

ஆனால் விதி எழுதப்பட்டது ஆங்கிலத்தில். சுவர் எழுப்புபவரோ கொத்தனார். 'விறைப்பு', 'நெகிழ்திறன்' என்று மொழிபெயர்த்து வைப்பது எம்போன்றோர்க்கு எளிது. (அதற்கே நாங்கள் பாராட்டும் பெறுகிறோம்!) கொத்தனார் கேட்பதோ, எத்தனை அடிக்கு ஒரு கல் என்பதே. உயரத்தில் ஏறக்குறைய 2 அடி, பக்கவாட்டில் 4 அடி என்று அவர் மொழியில் சொல்ல ஆளில்லையேல், விதி அலுவலகப் பேழையிலேயே கிடக்கும்.

அரசு வீட்டு நிதியைத் தவணையாக விடுவிக்குமுன் கட்டடத்தைப் பார்வையிடும் களப்பணியாளர், சுவரின் உயரத்தை அளப்பதோடு அமையாது, பிணைக்கும் கல் எங்கே, பட்டை எங்கே என்றும் கேட்டல் வேண்டும். பூச்சு ஏறிய பின்னர் அக்கல்லைக் காணவியலாது. கல்வீடுகள் மிகுந்த ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்கள், ஒத்திகை நாளன்றே பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, கட்டப்பட்டு வரும் ஒரு சுவரைக் காட்டலாம்.