ஒளி தேர்ந்தெடுப்பதில்லை

'ஒளி, புரதத்தில் வேண்டிய அமினோ அமிலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுகிறது' என்னும் போக்கில் எழுதுவது அறிவியல் தமிழில் வழக்கமாகி வருகிறது. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இதனை மறுக்கிறேன்.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருளும் உண்டு, கருத்தாப்பொருளும் உண்டு என நம் இலக்கணிகள் பிரித்துவைத்தனர். 'ஒளியால் மாற்றப்பட்டது' என்பதில் ஒளி எது? 'காற்று கதவைத் திறந்தது' என்று எழுதுவதில்லையா எனலாம். எழுதலாம், காற்று மெய்யாகவே கதவைத் தள்ளுகிறது. நீல ஒளியையோ சாதாரணப் புரதங்களின் அமினோ அமிலங்கள் உட்கொள்வதே இல்லை. உட்கொள்வது வினையூக்கி.

2018இல் பிரின்ஸ்டனில் டேவிட் மேக்மில்லன் குழுவினர் இன்சுலினில் காட்டியதைக் காண்க. ரைபோஃபிளேவின் இனத்து வினையூக்கி ஒளியை ஏற்றுக் கிளர்ச்சியுற்று எலக்ட்ரான் ஒன்றைப் பறிக்கிறது. புரதச் சங்கிலியின் இறுதியிலுள்ள கார்பாக்சிலேட் அதனை எளிதில் இழக்கும். ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் பக்கக்கிளையில் இருப்பவை அத்துணை எளிதில் இழப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு நீங்க, எஞ்சும் தனியுறுப்பு புதிய மூலக்கூறோடு பிணைகிறது. தேர்வு என்பது அந்த ஆக்சிசனேற்ற மின்னழுத்த வேறுபாடு. அதனை உணர்ந்து, அதற்கிசைந்த வினையூக்கியைக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள்.

அதே ரைபோஃபிளேவின் பாலிலும் உண்டு. விவேக் நகரின் மொட்டைமாடி ஏதேனும் ஒன்றில் கண்ணாடிக் குப்பியில் பாலை வெயிலில் வைத்துப் பின் முகர்ந்து பாருங்கள் (காகங்களுக்கு நான் பொறுப்பல்லேன்). மெத்தியோனைன் சிதைந்து எழும் முட்டைக்கோசு வாடை வரும். ஆக்சிசன் உள்ள அச்சூழலில் டிரிப்டோபன், ஹிஸ்டிடின், டைரோசினும் அடிபடுகின்றன. ஒளி இருக்கிறது, ஃபிளேவின் இருக்கிறது, தேர்வு எங்கே? ஐதராபாத்தில் டி. பாலசுப்ரமணியன் கண்வில்லைப் புரதங்களின் ஒளி ஆக்சிசனேற்றத்தைக் கண்புரையோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்ததும் இந்தச் சிதைவைப் பற்றியே.

சொல்லைப் பிடித்துக்கொண்டு வீண்வழக்காடுகிறேன் என்பீர்கள். எதிர்ப்பொருளோடு மருந்தை இணைக்கும்போது அது தவறான இடத்தில் ஒட்டினால், எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பற்றும் திறன் குன்றக்கூடும். 'ஒளி தேர்ந்தெடுத்தது' என முடித்துவிட்டால், தேர்வாகாத அமினோ அமிலங்களுக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஒரு டிரிப்டோபன் ஓர் ஆக்சிசன் அணுவை ஏற்றால் நிறை 16 டால்டன் கூடும். நிறை நிறமாலையில் தேடினாலன்றி அது தெரியாது.

தமிழில் கருத்தரங்கக் கட்டுரை எழுதும் மாணவர்களே, எழுவாயாக வினையூக்கியை வையுங்கள். எத்தனை விழுக்காடு மாறியது, வேறெந்த இடங்கள் மாறின என்னும் அட்டவணையை அடுத்த பத்தியிலேயே தாருங்கள். நெறியாளர்கள், அஃது இல்லாத கட்டுரையைத் திருப்பியனுப்புங்கள்.