ஆகுர்டித் தமிழரின் காது

‘தூய தாய்மொழியாளர்’ என்றொருவரை மொழியியல் துறைகள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கின்றன. மதுரையிலோ தஞ்சையிலோ வளர்ந்தவரின் உள்ளுணர்வே தமிழுக்குச் சான்றாகுமாம். புணேயை ஒட்டிய தொழில்நகரான ஆகுர்டியில் வளர்ந்த தமிழரைக் கேட்டால் தரவு கெட்டுவிடுமாம். வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, கடைத்தெருவில் இந்தி என வளர்ந்தவரின் மொழியுணர்வு கலங்கியது என்னும் தீர்ப்பு, அவரிடம் ஒரு தொடரைக்கூடச் சொல்லிக் கேட்காமலே எழுதப்படுகிறது.

கேட்டுப் பார்க்கலாமே. ‘நீயும் வா, நாங்கள் போகலாம்’ என்பது அவர் காதில் உறுத்தினால் வியப்பில்லை. கேட்பவரை உளப்படுத்தும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு மராத்தியிலும் ‘ஆபண்’, ‘ஆம்ஹி’ என வாழ்கிறது. பொது இந்தியின் ‘ஹம்’தான் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. (யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாங்கள்’ இருபொருளிலும் வழங்குவதுண்டு. அதற்காக அவர்களிடம் எவரும் தூய்மைச் சான்றிதழ் கேட்பதில்லை.)

மொழிகள் உரசினால் நுட்பம் மழுங்கும் என்பது வெறும் அச்சம். சாங்லி மாவட்டத்துக் குப்வார் ஊரைப் பற்றி ஜான் கம்பர்சும் ராபர்ட் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அவ்வூர் உருது, அண்டை மொழிகளோடு பழகி, இதே ‘நாம்–நாங்கள்’ வேறுபாட்டைப் புதிதாகப் பெற்றது.

ஆகுர்டித் தமிழருக்குச் சில சொற்களும் வழக்குகளும் கைவராமல் போயிருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கோட்பாட்டைக் கட்டியவரே தம் தொடர்களுக்குத் தாமே தீர்ப்பு வழங்குவது அதைவிடப் பெரிய கேடு. 1975இலேயே லபோவ் இதைக் கண்டித்தார். ஆய்வாளர்களின் உள்ளுணர்வுத் தீர்ப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு முறையான சோதனைகளோடு ஒத்துப்போயின என்று 2013இல் ஸ்ப்ரௌஸ் குழுவினர் காட்டியதைச் சிலர் கேடயமாக ஏந்துகின்றனர். அது ஆங்கிலத் தொடர்களுக்குக் கிடைத்த மதிப்பெண். தமிழுக்கு அதைக் கடன் வாங்க இயலாது.

உள்ளுணர்வை நம்பலாம், பயிற்றிய பின். கோட்பாட்டு நூலைத் திறக்குமுன் தீர்ப்பை எழுதி வைக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து, பழைய குறிப்பைப் பாராமல் மீண்டும் எழுத வேண்டும். கருதுகோளை அறியாத பிறரிடமும் அத்தொடரைக் கேட்க வேண்டும். தீர்ப்புகள் முரண்பட்டால் ஐயக்குறி இடுவதில் இழிவொன்றுமில்லை. மதுரைக்காரருக்கும் இதே பயிற்சிதான், பேராசிரியருக்கும் இதேதான்.

தகவலாளர் படிவத்தில் ‘பிறந்த ஊர்’ என்ற கட்டத்தை வைத்து ஆளைக் கழிப்பது முதலில் நிற்கட்டும். வீட்டில் யார் யாரோடு, எந்த மொழியில், எத்தனை வயதுவரை பேசினர் என்ற கேள்விகள் அவ்விடத்தில் வரட்டும்.